தீர்த்தம் வரும்வரை

திரை போட்டாயிற்று. இனி அது விலகும்வரை கோகிலவாணிக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. உள்ளே பூசாரி ஆத்தாளுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார். செம்பு உருளும் சத்தம், வளையல் உரசும் சத்தம், யாரையோ திட்டுகிற மாதிரி அவர் மந்திரம் சொல்லும் சத்தம். வெள்ளிக்கிழமைக் காலைதான், ஆனாலும் கூட்டம் இல்லை. மாமியாரும் மருமகளும் மட்டும். மாமியார் பொன்னாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், முந்தானையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு ரோஜா. வாழையிலைக் கிழிசலில் மடித்து, நூல் சுற்றி, கட்டினவளுக்கே எது எது என்று தெரியாதபடி குலுக்கியாயிற்று. திரை விலகினதும் இரண்டும் ஆத்தாள் காலடிக்குப் போகும், பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் கோகிலா மாத்திரை சாப்பிடலாம். சிவப்பு வந்தால் கூடாது. அந்த மாத்திரையும் வந்திருந்தது. கோகிலா கையிலிருந்த தாம்பாளத்தில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே அட்டையோடு உட்கார்ந்திருந்தது, கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவன் மாதிரி. இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்றைக்கு முதுகுக்குக் கீழே வலது பக்கம் ஒரு வலி இருந்தது, அது நேற்று இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை, வயிற்றில் ஐந்து மாதம், அதனால் சிரிப்பு வரவில்லை.

நேற்று இருந்ததா. இருந்திருக்கும். இல்லை, நேற்று எரிச்சல்தான், ஒண்ணுக்குப் போகும்போது மிளகாய்ப்பொடியைத் தடவினாற்போல ஓர் எரிச்சல், வலி இல்லை. பஸ்ஸில் வந்த குலுக்கலாக இருக்கும். அந்த டவுன்பஸ் குலுக்குகிற குலுக்கலுக்கு இல்லாத வலியும் வந்து சேரும். ஆனால் குளிர்கிறதே. குளிருமா குளிராதா, விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வந்திருக்கிறாள், ஆற்றுக் காற்று வேறு நேராக மண்டபத்துக்குள் வருகிறது. குளிரத்தான் செய்யும். அத்தைக்குக் குளிர்கிறதா? கேட்கலாம். கேட்டால், ஏன் கண்ணு, குளுருதா என்று அவள் கண்ணைத் திறப்பாள், நெற்றியைத் தொடுவாள், அந்தக் கையில் நடுக்கம் இருக்கும், அந்த நடுக்கத்தைப் பார்த்தால் இவளுக்குக் காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. குளிர் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் உட்காரக் கூடாது, நேரே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வந்தால் போய்விடுவாள். யாரும் பிடித்து நிறுத்த முடியாது. போன பிள்ளையைச் சுமந்தபோதும் யாரும் பிடித்து நிறுத்தவில்லை, அதுதான் விஷயம். இரு கண்ணு, இரு கண்ணு என்று அன்பாகச் சொன்னார்கள், இவளும் இருந்தாள். அன்பாகச் சொன்னால் எதற்கும் உட்காருகிற ரகம் அவள். அவள் வேலை செய்கிற பனியன் கம்பெனியில் தண்ணீர் குடிக்காதே என்று யாராவது சொன்னார்களா என்ன? சொல்லவில்லை. கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசர் வாசுகி அக்காவிடம் கேட்க வேண்டும், அக்கா பாவம், நல்ல மனுசி, போயிட்டு வா சாமி என்றுதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போகும்போது பக்கத்து டேபிள் பெண்களுக்குப் பீஸ் குவியும். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் கஷ்டம். அதனால் தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நிற்கிற எல்லாப் பெண்களும் செய்வதையே இவளும் செய்தாள்: காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அதற்கப்புறம் மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர். உள்ளே ஊற்றினால்தானே வெளியே வரும். இதை அவர்கள் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம், இந்தச் சாமர்த்தியத்தை உங்களுக்கு யாரம்மா கற்றுக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தானாகவே வந்தது.

"ஆத்தா, தாயே, புள்ளைய காப்பாத்திக் குடு. நல்லதா இருந்தா வெள்ளையக் குடு, கெட்டதா இருந்தா செவப்பக் குடு. நீ எதக் குடுத்தாலும் அதுபடி நடக்கறோம்" என்று பொன்னாத்தாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எதக் குடுத்தாலும் அதுபடி நடக்கறோம். போன தடவையும் இதே சொல்தான். அன்றைக்கும் எரிச்சல், அன்றைக்கும் ஒரு மாத்திரை, அன்றைக்கும் இரண்டு பொட்டலம். சிவப்பு வந்தது. மாத்திரை பூசை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இளநீர் குடித்தாள், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், எரிச்சல் தானாகவே நின்றுபோனது. பாத்தியா, ஆத்தா வாக்கு என்று பொன்னாத்தாள் தேங்காய் உடைத்தாள். எல்லாருக்கும் சந்தோஷம். கோகிலாவுக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியுமா, மாத்திரை சாப்பிடாமல் தப்பித்த சந்தோஷம். எரிச்சலைக் கொண்டுவந்த கிருமி எங்கேயும் போகவில்லை, மேலே ஏறிக்கொண்டிருந்தது என்பது இப்போது தெரிகிறது. அப்போது ஒருநாள் மத்தியானம் கம்பெனியில் நின்றுகொண்டிருக்கும்போதே பல் கிட்டிக் குளிர் வந்தது. தலை வலிக்குது என்று சொன்னதற்கு வாசுகி அக்கா தன் பையிலிருந்து அரை மாத்திரை கொடுத்தாள். அரைதான். அப்புறம் வீடு, கம்பளி, கஷாயம், இரு கண்ணு, இரு கண்ணு. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் வயிறு இறுகி இறுகி வலி எடுத்தது. ஆறாவது மாதத்தில் பிறக்கிற பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை போதும். பெண். விரலில் நகம்கூட இருந்தது. அழவில்லை. அதை நினைக்கக் கூடாது என்று அவளுக்கு அவளே உத்தரவு போட்டிருக்கிறாள், ஆனால் உத்தரவை மதிக்கிற மனசா இது. அழுகை ஓய்ந்த பிறகு ஊர்க்காரர்கள் காரணம் தேடினார்கள். ஊர் என்றால் காரணம் இல்லாமல் கலைந்து போகாது. அந்த அரை மாத்திரை அகப்பட்டது. கம்பெனியில யாரோ என்னமோ மாத்திரையக் குடுத்துட்டாங்களாம், சூடு தாங்காம போயிருச்சாம். சாப்பிடாத மாத்திரைகள் குங்குமச் சிமிழ் பக்கத்தில் அப்படியே இருந்தன, அவற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோகிலாவுக்கும் வரவில்லை. அந்த அரை மாத்திரையை விழுங்கிய வாயை அவள் இரண்டு வருஷமாகத் தன்னுடையது என்றே நினைக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அந்தப் பழமொழி செல்லாது. அவள் வாயில் போடுவது எல்லாம் இன்னொருத்தர் வயிற்றுக்கும் போகிறது, அவரைக் கேட்காமலே.

அத்தையைத் திட்ட முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும். அக்கம்பக்கத்து மருமகள்கள் எல்லாம் எவ்வளவு சுகமாக மாமியாரைத் திட்டுகிறார்கள். இவளுக்கு வாய்த்ததோ, பிள்ளை போன அன்றைக்கு இவளைவிட அதிகமாக அழுத மாமியார். இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள். அவளுடைய பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் தினம் மூன்று வேளை வீட்டில் எதிரே உட்கார்ந்து சோறு தின்றது. ஈஸ்வரமூர்த்தி, கோகிலாவின் புருஷன். நல்ல உயரம், நல்ல முடி, பேச்சும் நல்ல பேச்சு. வாயைத் திறந்தால் பல் எல்லாம் பழுப்புப் பழுப்பாகப் பட்டை விழுந்திருக்கும். வெற்றிலை போட மாட்டான், பீடி தொட மாட்டான், இருந்தும் அப்படி. பள்ளிக்கூடத்தில் துருப்பல்லன் என்று கூப்பிட்டார்களாம். பெண் பார்க்க வந்த அன்று கடைசி வரைக்கும் அவன் சிரிக்கவே இல்லை. கோகிலா அவனை மகா கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறான். பொன்னாத்தாள் அவனைச் சுமந்த நாளில் காய்ச்சல் வந்து, சைக்கிளில் ஊர் ஊராகப் போகிற ஊசிக்காரன் ஒருத்தன் மஞ்சள் நிறத்தில் குளிகை கொடுத்தான். பெற்ற பிறகும் அதே குளிகை. பிள்ளைக்குச் சளி பிடித்தபோதெல்லாம் அதையே பிரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். பல் அப்படி முளைத்ததும் மாத்திரைச் சூடு என்றார்கள். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அதற்கப்புறம் பொன்னாத்தாள் வீட்டில் ஒரு தலைவலி மாத்திரை நுழைய வேண்டுமென்றாலும் ஆத்தாளிடம் சீட்டு வாங்கித்தான் நுழைய வேண்டும். "ஒண்ணும் ஆவாது, முழுங்கும்மான்னு அவனும் அப்பிடித்தான் சொன்னான் கண்ணு" என்பாள், ஒவ்வொரு தடவையும், அதே குரலில். நேற்றும் சொன்னாள். கோகிலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இது வேற மாத்திரையாமுங்கத்தை, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாமுங்க என்றதும், அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

அத்தை சொல்வதும் நியாயம்தானே. ஊசிக்காரனும் ஒண்ணும் ஆகாது என்றான். டாக்டரம்மாவும் ஒண்ணும் ஆகாது என்கிறார். இரண்டும் ஒரே சொல். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதை நம்புவது, எதைத் தள்ளுவது. நேற்று முழுக்க இந்த இடத்தில்தான் அவள் புத்தி வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் படித்தவர் என்று ஒரு மனம் சொல்லும். ஊசிக்காரனையும் அந்தக் காலத்தில் ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிட்டது என்று இன்னொரு மனம் சொல்லும். எல்லா மாத்திரையும் கெடுதல் என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை, எதையும் தொடாமல் இருக்கலாம். எல்லாம் நல்லது என்றாலும் யோசிக்க வேண்டியதில்லை. சிலது கெடுதல், சிலது நல்லது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாரே, அதுதான் வம்பு. மெடிக்கல் கடையில் நீங்களாக எதையும் கேட்டு வாங்காதீர்கள், உங்க வீட்டுக்காரருக்கு எழுதினது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதினது எதையும் தொடாதீர்கள் என்று சொன்னார். அப்படியானால் பயப்பட வேண்டியதும் இருக்கிறது. இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஊசிக்காரன் ஒப்புக்கொண்டானா? கோகிலா தாம்பாளத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எல்லாருக்கும் அந்த மஞ்சள் குளிகையைத்தான் கொடுத்தான், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் வயசானவருக்கும். அவனுக்கு எது கெடுதல் என்றே தெரியாது. டாக்டரம்மா நேற்று என்ன செய்தார்? டாக்டர் மெர்லின். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. கோகிலாவின் சோதனைச் சீட்டைப் படித்தார், முன்னாடி எந்த ஊசிக்காவது மருந்துக்காவது உடம்பெல்லாம் தடித்திருக்கிறதா என்று கேட்டார், பதிலுக்குக் கூட வந்திருந்த ஈஸ்வரமூர்த்தி இல்லீங்க என்று வாயைத் திறந்தான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"சின்ன வயசுல இருந்தே பல்லு இப்படித்தானா?"

அவன் கை தானாக வாய்க்குப் போனது. ஆமாங்க என்றான். கோகிலாவுக்குக் கோபம் வந்தது. நோய் எனக்கு, இவர் பல்லை எதற்கு நோண்டுகிறார் என்று.

"உங்க அம்மா மாசமா இருக்கும்போதோ, நீங்க கைக்குழந்தையா இருக்கும்போதோ, காய்ச்சலுக்கு மஞ்சள் கலர்ல குளிகை ஏதாவது குடுத்தாங்களான்னு கேட்டுப் பாருங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க என்ன இருக்கிறது, வீட்டில் தினம் ஓடுகிற கதை. அவர் சொன்னார்: அது ஒரு ஜாதி மருந்து, வளர்கிற பல்லிலும் எலும்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், மாசமாக இருப்பவர்களுக்கு நாங்கள் அதை எழுதுவதில்லை. இது வேறு ஜாதி. எத்தனையோ காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகினது. கெடுதல் இந்த மாத்திரையில் இல்லை, கிருமியை அப்படியே விடுவதில்தான் இருக்கிறது. ஒண்ணுக்குப் பையிலிருந்து அது சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர் காய்ச்சல் வரும், நாளுக்கு முந்தியே வலி எடுத்துவிடும். கோகிலா அப்போதுதான் வாய் திறந்தாள். போன தடவை நான் அரை மாத்திரை சாப்பிட்டுட்டேங்க என்று, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எரிச்சல் எப்போது, குளிர் எப்போது, வலி எப்போது. கேட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"நடந்ததை நான் பார்க்கல, அதனால சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தலைவலிக்குத் தின்ன அரை மாத்திரையால உங்க பிள்ளை போகல. இதை மட்டும் உறுதியாச் சொல்லுவேன். போய் நல்லாத் தூங்குங்க."

சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பலாம் என்று இப்போது, இந்த மண்டபத்தில், தாம்பாளம் கையில் கனக்கும்போது கோகிலாவுக்குத் தோன்றியது. இது ஏன் நேற்று தோன்றவில்லை? கம்பெனிக்குப் புதிதாக வருகிற பெண் எந்தத் துணியை நீட்டினாலும் நல்லா இருக்குதுக்கா, நல்லா இருக்குதுக்கா என்பாள். அவள் சொல்லை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஊசி ஓட்டை எது, எண்ணெய்க் கறை எது, தையல் விட்டது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவள், அவள் ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓக்கே என்று தள்ளினால்தான் அது ஓக்கே. அவளும் இவளும் சொல்வது ஒரே சொல்தான், ஆனால் ஒரே சொல் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தி எந்த ஊரிலோ எவனோ கொடுத்த குளிகையை ஒரு பல்லைப் பார்த்துக் கண்டுபிடித்த மனுசி, எதைக் கொடுக்கக் கூடாது என்று அவ்வளவு தெரிந்த மனுசி, இதைக் கொடுக்கலாம் என்கிறாள். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டா நேற்றிலிருந்து என்னை இந்தப் பாடு படுத்தினாய் என்று அவள் தன் புத்தியையே வைதுகொண்டாள். சந்தோஷம் வந்தது. தூணில் சாய்ந்துகொண்டாள், கூந்தல் காய்ந்து குளிர் விட்டிருந்தது, சாய்ந்ததும் முதுகுவலியும் விட்டது. அந்த அரை மாத்திரை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தொண்டையை விட்டு இறங்கியது. நான் கொல்லவில்லை. என் வாய் கொல்லவில்லை. யாரும் கொல்லவில்லை, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒருத்திக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பூவைக் கேட்டுக்கொண்டு நின்றால் அது பக்தி ஆகாது.

பக்தி இல்லாவிட்டால் பிறகு என்ன? வசதி. பூவில் ஒரு வசதி உண்டு, பழி யார் தலையிலும் விழாது. சிவப்பு வந்தது, சாப்பிடவில்லை, பிள்ளை போனது. ஆத்தாள் எடுத்துக்கொண்டாள் என்று மூக்கைச் சிந்திப் போட்டுவிடலாம். தானே முடிவு செய்து தானே விழுங்கினால், நாளைக்கு ஒரு கால் தடுக்கினாலும், ஒரு தும்மல் வந்தாலும், கேக்காம முழுங்குனா இல்ல என்று ஊர் சொல்லும். ஈஸ்வரமூர்த்தி சொல்ல மாட்டான். அத்தையும் சொல்ல மாட்டாள், மனசுக்குள் சொல்லிக்கொள்வாள், அது இன்னும் மோசம். பெண்ணாகப் பிறந்தவள் எந்தப் பழியை வேண்டுமானாலும் தாங்குவாள், பிள்ளைப் பழியைத் தாங்க மாட்டாள். ஆனால் இரண்டு வருஷமாக அதைத்தானே தாங்கிக்கொண்டிருந்தேன், என்று கோகிலா நினைத்தாள். செய்யாத தப்புக்கே தாங்கினவள், செய்கிற நல்லதுக்குத் தாங்க மாட்டேனா? இந்தக் கேள்வி வந்ததும் மதில்மேல் பூனையாக இருந்தவள் ஒரு பக்கமாகக் குதித்துவிட்டாள். உள்ளே பூசாரி கைமணியை எடுத்து அடித்தார். அந்தச் சத்தத்தோடு சத்தமாக, தாம்பாளத்தை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, அட்டையில் கட்டைவிரலை அழுத்தி ஒரு குளிகையைப் பிதுக்கினாள். காலையில் இட்லி சாப்பிட்டிருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதானே சொன்னார். வாய்க்குள் போட்டுக்கொண்டாள். பொன்னாத்தாளின் கண் மூடியேதான் இருந்தது.

தண்ணீர் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவு வந்தது. பாட்டில் வெளியே செருப்போடு இருந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்த்தாள், பயத்தில் வாய் உலர்ந்து கிடந்தது. குளிகை நாக்கில் ஒட்டியது; நாக்கால் தள்ளினால் மேலண்ணத்தில் போய் ஒட்டியது. இந்த நேரம் பார்த்துப் பூசாரி திரை ஓரத்தில் தலையை மட்டும் நீட்டினார்.

"எத்தன மாசம் ஆச்சுங்க சாமி?"

கோகிலா ஐந்து விரலைக் காட்டினாள். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"வாந்தி கீந்தி எல்லாம் நின்னுருச்சுங்களா?"

தலையை ஆட்டினாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால் சிரித்தாள். அவருக்கு அது போதவில்லை. மருமகப்புள்ள வாயே தொறக்காதுங்களா என்று பொன்னாத்தாளைக் கேட்டார். "பயந்துக்கிட்டு நிக்கறாளுங்க, நீங்க வெரசா முடிங்க" என்றாள் பொன்னாத்தாள், கண்ணைத் திறக்காமலே. தலை உள்ளே போனது. குளிகையின் மேல்தோல் கரையத் தொடங்கி ஒரு முனை இளகியது, ஒரு கசப்பு கசிந்தது, வேப்பங்கொழுந்து மாதிரி இல்லை, மருந்துக் கசப்பு. துப்பிவிடலாமா என்று ஒரே ஒரு நொடி நினைத்தாள். துப்பினால் கையில் துப்ப வேண்டும், அதை அத்தை பார்ப்பாள், பிறகு எல்லாம் முதலிலிருந்து. கசந்தால் கசக்கட்டும். மிளகாய்ப்பொடியைத் தாங்கினவளுக்கு இது ஒரு கசப்பா? வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். உன்னைக் கேட்காமல் போடுகிறேன், பேர் வைக்கும்போது நீ என்னைக் கேட்காமல் அழுதுகொள், சரிக்குச் சரி என்று உள்ளே இருப்பதிடம் பேசினாள். இந்தப் பிள்ளையிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. இத்தனை மாதமாகப் பேசப் பயந்திருந்தாள், பேசிப் பழகினால் பிரிவது கஷ்டம் என்று.

திரை விலகியது. பச்சைச் சேலையில், எலுமிச்சை மாலையில், ஆத்தாள் புதிதாகக் குளித்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். பூசாரி சூடம் காட்டினார். பொன்னாத்தாள் இரண்டு பொட்டலத்தையும் நீட்டினாள், அவர் வாங்கி ஆத்தாள் காலடியில் வைத்தார். பிறகு வழக்கம்போலத் தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு கோகிலா இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். போதும் என்றே சொல்லாமல் நீட்டிக்கொண்டிருந்ததில் அவர் ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினார். குடித்தாள். குளிகை அசைந்தது, வழுக்கியது, தொண்டையில் ஒரு கணம் நின்றது, இறங்கியது. நெஞ்சுக்குள் அது போகிற வழி முழுக்க அவளுக்குத் தெரிந்தது. இன்னுங்கொஞ்சங்க என்றாள். வாயைத் திறந்து பேசிய சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து பொன்னாத்தாள் கையில் போட்டார். நூல் அவிழ நேரம் பிடித்தது. இலையைப் பிரித்தாள். சிவப்பு.

கோகிலாவுக்கு நெஞ்சில் பக்கென்றது. அவ்வளவு தெளிவுக்குப் பிறகும் பக்கென்றதுதான். மனசு அப்படி ஒரு நாளில் திருந்திவிடுகிற ஜாதி இல்லை. ஆனால் அது ஒரு அடிதான், அடுத்த அடி விழவில்லை. பொன்னாத்தாள் அந்த ரோஜாவைப் பார்த்தபடி நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை, கை மட்டும் கீழே தாம்பாளத்தில் இருக்கிற அட்டைக்குப் போனது, எடுத்து மறைத்துவிடுவதற்கு. எடுத்தவள் ஓர் அறை காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"நானு முழுங்கிட்டேனுங்கத்தை" என்றாள் கோகிலா. "பூ எடுக்கறதுக்கு முன்னாடியே. இந்தத் தீர்த்தத்துலதான்."

பொன்னாத்தாள் அட்டையின் காலி அறையை விரலால் தடவினாள்.

"கோவிச்சுக்காதீங்க. அடிக்கறதுன்னா அடிங்க. ஆனா மிச்சத்தையும் முழுங்குவேனுங்க. எரிச்சல் நின்னாலும் நிறுத்த மாட்டேன், அட்டை தீர்ற வரைக்கும் முழுங்குவேன். அதுக்குப் பொறவு போயி மறுபடியும் சோதிச்சுப் பாப்பேன். போன தடவ மாத்தரையால போகலீங்கத்தை. மாத்தரை அலமாரியிலயே இருந்துச்சுங்க."

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை, செம்பைப் பிடித்தபடி நின்றார். பொன்னாத்தாள் திரும்பவும் அந்தப் பூவைப் பார்த்தாள். அலமாரி என்ற வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் இடித்திருக்க வேண்டும். குங்குமச் சிமிழை அவள் தினம் இரண்டு வேளை எடுத்து வைக்கிறவள், பக்கத்தில் பிரிக்காமல் கிடந்த அட்டையைத் தினம் இரண்டு வேளை பார்த்தவள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கோகிலா போய்ப் பிடிக்கவில்லை. அவளாக நிமிரட்டும் என்று நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியருகே போய், ரோஜாவை ஆத்தாள் முன்னாலேயே திரும்ப வைத்தாள்.

"போன தடவ நீ சொன்னதக் கேட்டேன், ஆத்தா" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில். "இந்தத் தடவ இவ சொல்றதக் கேக்கறேன். நீயும் பொம்பளதான. கோவிச்சுக்காத."

அப்புறம் அட்டையைத் தாம்பாளத்தில் போடாமல், காசு முடிகிற மாதிரித் தன் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடுத்தது எப்ப?"

"மத்தியானங்க. சோறு தின்னுட்டு."

"அப்ப என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கற? நட. போயி ஒல வைக்கோணும்."